ஐந்தாவது சரணம்

1

இன்று காலை என் ஆம்ப்ளிஃபயருக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இன்னும் ஓராண்டுக்கு அது யாரையும் ஷாக் அடிக்காது என்பதற்கான அத்தாட்சி. இங்கே இங்கிலாந்தில், கோவென்ட்ரியில் ஒரு மண்டபத்தில் மூன்று பேர் சேர்ந்து பாட்டு வாசிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வயரையும் ஒருவர் சோதித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். யார் தலையிலாவது ஸ்பீக்கர் விழுந்தால் ஈடுகட்டக் காப்பீடு வேண்டும். மண்டபத்தில் பீர் விற்பதாக இருந்தால் பத்து வேலை நாட்களுக்கு முன்பே நகராட்சிக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வாசிக்கிறவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்பதை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. அந்த ஒரு சலுகையில்தான் எங்கள் குழு உயிர் வாழ்கிறது.

நான் குறை சொல்ல முடியாது. இந்த விதிகளை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னவனும் நான்தான். சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்தபோது, மைக் வைக்க அனுமதி கேட்டு வரும் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். பகலில் மனுவின் மேல் குறிப்பு எழுதுவேன். மாலையில் அதே மனுவின் பேரில் கட்டிய மைக்குக்குப் பின்னால் நின்று பாஸ் கிட்டார் வாசிப்பேன். பிறகு என் மனைவி கிருபாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கூடவே வந்தேன். விசாவில் என் தகுதி, மனைவியைச் சார்ந்திருப்பவர். அரசு ஆவணங்களில் நான் வாசித்தவற்றுள் மிகத் துல்லியமான வாசகம் அது. இங்கேயும் நகராட்சியில் நிகழ்ச்சி அனுமதிப் பிரிவில் ஒரு கவுன்ட்டர் கிடைத்தது. அதே மனுக்கள், பக்கங்கள் மட்டும் கூடுதல். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

எங்கள் குழுவைச் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸ் டெரிக், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். பாடுவது சந்துரு, மூன்று மாநிலம் கூடுகிற குப்பம் என்ற ஊர்க்காரன். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திரும்பிக் கன்னடத்தில் முடிப்பான். கோவென்ட்ரியில் அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை. பாஸ் கிட்டார் நான். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். என் மகள் பிரிசில்லா வீட்டில் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்ட டெரிக், அதுதான் என் பெயர் என்று முடிவுசெய்துவிட்டார். மேடையில் "பாஸ் கிட்டாரில் நம்ம நைனா!" என்று அறிவிப்பார். அவர் என்னைவிட மூத்தவர். திருத்துவதில்லை. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

ஸ்டிக்கர் ஒட்டியவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

"ஏங்க, இன்னிக்கு இன்னா நாளுன்னு ஞாபகம் கீதா?" என்றாள் கிருபா.

"ஆம்ப்ளிஃபயருக்கு..."

"பிரிசிக்குக் கல்யாணமாயி ஒரு வருஷம். பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கினு நிக்கிறாரு இவரு."

ஞாபகம் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

சித்தூர் குழுவில் நாங்கள் நான்கு பேர். ஒரே சபை, ஒரே ஞாயிறு பள்ளி. தலைவன் தேவா, பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார், எங்களுக்கு டிரம்ஸ். தொழில்முறைக் குழுவை அமர்த்த முடியாத வீடுகள் எல்லாம் எங்களைத்தான் கூப்பிட்டன. நாங்களும் வேலை, ஓவர்டைம், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் போவோம்.

திருப்பதிப் பக்கம் கல்யாணம் என்றால் டிரம் செட் பஸ்ஸின் கூரையில் ஏறும். பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ. ஒரு தடவை பெரிய டிரம்மைச் சீட்டில் வைத்துவிட்டுத் தேவா பின்னால் தொங்கிக்கொண்டு வந்தான். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு டிக்கெட் ஆவுதுபா."

"அது பேசாது, துன்னாது. இன்னாத்துக்குண்ணா டிக்கெட்?"

"உக்காந்துக்கினு கீது இல்ல?"

சட்டப்படி அவர் சொன்னது சரி. நான் அதைச் சொன்னதற்குத் தேவா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இன்னொரு தடவை வேன் வைத்துக்கொண்டோம். டிரைவர் ஊருக்குப் புதியவர். வழி தப்பி, அலிபிரியில் திருமலைக்கு ஏறும் வண்டிகளின் வரிசையில் நுழைந்துவிட்டார். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. சோதனைக்கு வந்த காவலர் தாளத்தட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து, "பைக்கி, பஜனகா?" என்றார், மேலே பஜனைக்கா என்று. "காது சார், பெள்ளிக்கி," என்றான் தேவா. "பெள்ளி எக்கட?" "கிந்த சார்." கல்யாணம் கீழே, நாங்கள் மேலே போகிற வரிசையில். அந்த மனிதர் சிரித்துச் சிரித்து, பின்னால் நின்ற வண்டிகளை எல்லாம் நகர்த்தி எங்களைத் திருப்பி அனுப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல்யாணம் முடிந்திருந்தது. சாப்பாட்டுக்கு வாசித்தோம்.

சாப்பாடு என்றதும் ஒன்று. வாசிக்கிறவர்களுக்குக் கடைசிப் பந்தி. எல்லா ஊரிலும் எல்லா மதத்திலும் இதுதான் நடைமுறை. பிரியாணியில் கறி போடுவார்கள் என்பதை நான் பிறர் சொல்லித்தான் அறிந்திருந்தேன்.

இனி பாட்டுக்கு வருகிறேன். எங்கள் சபைக் கல்யாணங்களில் ஒரு பழைய பாமாலை கட்டாயம். மிஷனரிகள் கொண்டுவந்த மெட்டு. தமிழில் சொற்கள் உண்டு, தெலுங்கிலும் உண்டு. எங்கள் ஊரில் தமிழ்ப் பெண்ணுக்குத் தெலுங்கு மாப்பிள்ளை சகஜம். அப்போது பெண் பக்கத்து வரிசைகள் தமிழிலும், மாப்பிள்ளை பக்கத்து வரிசைகள் தெலுங்கிலும், ஒரே நேரத்தில், ஒரே மெட்டில் பாடும். வெளியூர்க்காரர்கள் முதல் சரணத்தில் முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டாவது சரணத்தில் அவர்களுக்கே பழகிவிடும். சிக்கல் எங்கே என்றால், தமிழில் நான்கு சரணம், தெலுங்கில் ஐந்து. தமிழில் எழுதியவர் களைத்துப்போனாரா, தெலுங்கில் எழுதியவருக்கு உற்சாகம் கூடியதா என்று தெரியவில்லை. அந்தக் கோப்பு கிடைப்பதற்கில்லை.

நாங்கள் நால்வரும் தமிழ் சபைக்காரர்கள். முதன்முதலில் அப்படி ஒரு கல்யாணத்துக்கு வாசித்தபோது, நான்கு எண்ணி முடித்ததும் தேவா டிரம்மை உருட்டோ உருட்டென்று உருட்டினான். கம்பீரமாக ஆமென் வாசித்து நிறுத்தினோம். பாதிக் கோவில் ஐந்தாவது சரணத்துக்கு வாயைத் திறந்தபடி நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் மட்டும் நிறுத்தவில்லை. எங்களையே பார்த்தபடி, அந்தச் சரணத்தைத் தனியாக, ஓர் எழுத்து விடாமல் பாடி முடித்தார். அவ்வளவு நீளமான சரணத்தை அதற்கு முன்போ பின்போ நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு தேவா விதி போட்டான். கலப்புக் கல்யாணமென்றால் ஐந்து வாசிப்போம். ஐந்தாவதில் தமிழ்ப் பக்கம் தங்கள் முதல் சரணத்தைத் திரும்பப் பாடிக்கொள்ளட்டும். யாராவது தேதி குறிக்க வந்தால் பெயர் கேட்பதற்கு முன் "நாலா, அஞ்சா?" என்று கேட்பான். சபையும் அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டது.

அந்தப் பாட்டில் தேவாவுக்கும் எனக்கும் இன்னொரு தகராறும் உண்டு. மூன்றாவது வரியின் முடிவில் பாஸ் மேலே ஏற வேண்டும். என் விரல் கீழே இறங்கும். "ஏறுடா, ஏறு! அங்க எதுக்குடா பள்ளத்துல வுழற?" என்று தேவா ஒவ்வொரு ஒத்திகையிலும் கத்துவான். நான் ஒவ்வொரு முறையும் சரி என்பேன். விரல் இறங்கிவிடும்.

3

பிரிசில்லா இங்கே வந்தபோது ஒன்பது வயது. என் அறைக்கு அடுத்தது அவள் அறை. மாலை வேலை முடிந்து வந்து நான் பாஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொள்வேன். பாஸைத் தனியாகக் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர் டெலிபோனில் பேசுவதைக் கேட்பது மாதிரி. 'ம்', 'ஆமாம்', 'சரி' மட்டும் வரும், விஷயம் வராது. அதுவும் நான் ஊர் நினைப்பு வந்தால் அந்தக் கல்யாணப் பாமாலையைத்தான் வாசிப்பேன். அவள் சுவரைத் தட்டுவாள். சில நாட்களில் நேராக வந்து நிற்பாள்.

"நைனா, இது பாட்டா? வீட்டுக்கு அடியில யாரோ தோண்டற மாதிரி இருக்கு."

"இது கீழ்ச்சுரம்மா. மேல பாட்டு தனியா கீது."

"அப்ப மேல இருக்கறத வாசிங்களேன்."

மேலே இருப்பதை வாசிக்க எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஓராண்டு போனாள். பிறகு நீச்சல் வந்தது, பரீட்சை வந்தது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது. கொஞ்ச காலத்தில் நாங்களே ஆங்கிலத்தில் கேட்க ஆரம்பித்தோம். வழக்கமான கதைதான். இதை வாசிக்கிறவர்கள் வீடுகளிலும் இந்நேரம் அது நடந்துகொண்டிருக்கும். அந்தப் பாமாலையின் மெட்டை இங்கே எங்கேயும் அவள் கேட்டிருக்க வழியில்லை. ஒரு நாள் டெரிக்கிடம், இது உங்கள் ஊர் மெட்டு என்று முனகிக் காட்டினேன். "நைனா, இதை என் வாழ்நாளில் கேட்டதே இல்லை," என்றார். கொடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள். வாங்கியவர்கள் இரண்டு மொழியில் வைத்திருக்கிறோம்.

பிரிசி வேலை செய்யும் மருத்துவமனையில்தான் ஜோயலும் மருந்தாளுநர். திருப்பதிப் பையன், தெலுங்கு. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். கல்யாணம் சித்தூரில் எங்கள் பழைய கோவிலில் என்று முடிவானது. எனக்கு நல்ல காலம் பிறந்தது. மூன்று ஞாயிறு சபையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், இங்கத்திய போதகரிடமிருந்து தடையில்லாச் சான்று, அதன் நகல், நகலுக்குச் சான்றொப்பம். ஒரு தாள் விடாமல் ஒழுங்கு செய்தேன். கூடவே பாஸ் கிட்டாருக்குக் கனத்த பெட்டி ஒன்றும் வாங்கினேன். அதைப் பார்த்ததும் பிரிசி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அபூர்வமாகத் தமிழில் ஆரம்பித்தாள்.

"நைனா, இத எடுத்துட்டு வராதீங்க."

"ஏன்? விமானத்துல தனி அனுமதி..."

"அனுமதி பத்தி இல்ல. நீங்க ஒரு கல்யாணத்துலயாவது உக்காந்து பார்த்திருக்கீங்களா? எப்பவும் அந்த மூலையில நின்னுட்டு இருப்பீங்க. என் கல்யாணத்துல நீங்க முன்னாடி உக்காரணும். கையில ஒண்ணும் இல்லாம."

சொன்னது நியாயம். பெண்ணைக் கைபிடித்து அழைத்து வருகிறவனும் மூலையில் நின்று வாசிக்கிறவனும் ஒரே ஆளாக இருக்க முடியாது. எந்த விதியிலும் அதற்கு இடமில்லை. பெட்டியைப் பரண் மேல் போட்டேன். ஆனால் மனது ஒப்பவில்லை. மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டதற்கு அவள் சந்தோஷப்பட்டாள். எனக்கோ, இத்தனை வருடம் நான் வாசித்ததில் அவளிடம் ஒரு துளியாவது போய்ச் சேர்ந்ததா என்று தோன்றியது. ஒருவனின் பாதி வாழ்க்கை, மகளுக்குச் சுவர்ச் சத்தம். அந்தச் சத்தமும் இனி தேவையில்லை.

4

சித்தூரில் போய் இறங்கியதும் தேவா பிடித்துக்கொண்டான். இப்போது அவன் குழுவில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. அவனும், பேங்க் வேலையிலிருக்கும் ஸ்டீபன் என்ற கீபோர்டுக்காரரும் மட்டும்தான்.

"இன்னாடா சூப்ரண்டு, கைய வீசிக்கினு வர்ற? கிட்டாரு எங்க?"

"பிரிசி வேணாம்னுட்டா."

"அப்ப நீ பொண்ணுக்கு அப்பன் மட்டும்தானா? த்சொ, த்சொ." பிறகு அவனே சமாதானம் சொன்னான். "கவலைப்படாத. கீபோர்டுல பாஸ் கீது, வயலின் கீது. தேடிப் பார்த்தா நானே அதுக்குள்ள எங்கியாவது கீறேன்."

திருப்பதியிலிருந்து சம்பந்தியம்மா விஜயம்மா முதல்நாளே வந்துவிட்டார். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார். "அயிது சரணாலு பாடகபோதே பெள்ளி அயினட்டே காது, அன்னய்யா." ஐந்தும் பாடாவிட்டால் கல்யாணம் ஆன கணக்கே இல்லை என்கிறார். எங்கள் பழைய கதை அங்கே வரைக்கும் போயிருந்தது.

"ஐந்துதான் சம்பந்தியம்மா, நான் பொறுப்பு," என்றேன். ஸ்டீபனிடம் போய்ச் சொன்னேன்.

"அங்கிள், எல்லாமே ஸ்டோர் பண்ணி வெச்சிருக்கேன். பட்டன அழுத்தினா ஓடும்."

சரிபார்க்காமல் ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போடாத நான், தலையாட்டிவிட்டு வந்தேன். ஸ்டோரில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. பெண்ணின் அப்பாவுக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை.

மறுநாள் காலையில் பிரிசியின் கையைப் பிடித்து நடந்து, ஒப்படைத்துவிட்டு, முன் வரிசையில் கிருபா பக்கத்தில் உட்கார்ந்தேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கல்யாணத்தை முன்பக்கத்திலிருந்து பார்த்தேன். மூலையிலிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும் தெரியும். இங்கே திரும்பினால் முகங்கள் தெரிந்தன. கைகளை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஆராதனை முறை அச்சிட்ட தாளை நான்காக மடித்தேன், எட்டாக மடித்தேன். கிருபா பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

பாமாலை வந்தது. எல்லோரும் எழுந்தோம். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு. பீடத்துக்கு முன்னால் எங்களுக்கு முதுகு காட்டி இரண்டு பேர். ஜோயல் பாடினான். பிரிசி பாடவில்லை. இரண்டு மொழியிலும் அவளுக்கு வாசிக்க வராது. கீபோர்டின் பாஸ் குறையில்லாமல் இருந்தது. மூன்றாவது வரியில் ஒழுங்காக மேலே ஏறியது.

நான்காவது சரணம் முடிந்தது. கீபோர்டு, வயலின் எல்லாம் சேர்த்து, அருமையான ஓர் ஆமென் வாசித்துத் தானாக நின்றுவிட்டது. ஸ்டீபன் ஸ்டோர் பண்ணியிருந்தது தமிழ் ஆராதனைக்கான பதிவு. தேவாவின் குச்சி மேலேயே நின்றது. அவன் என்னைப் பார்த்தான். ஸ்டீபன் ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். கீபோர்டு ஒரு கைதட்டல் ஓசையை வெளியிட்டு அடங்கியது. ஆமென் கேட்ட தமிழ்ப் பக்கம் கீழ்ப்படிதலோடு உட்கார்ந்துவிட்டது.

விஜயம்மா நிறுத்தவில்லை. ஐந்தாவது சரணத்தைத் தனிக்குரலில் ஆரம்பித்துவிட்டார். பின்னால் ஒவ்வொருவராகத் தெலுங்குப் பக்கம் சேர்ந்துகொண்டது. இசை இல்லாமல், பிடிமானம் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கிக்கொண்டே போனது. நான் பொறுப்பு என்று சொன்ன சரணம். என் கையில் ஒன்றும் இல்லை.

அப்போது கீழே ஒரு சத்தம் கேட்டது. முதலில் கீபோர்டுதான் திரும்ப வந்துவிட்டதோ என்று பார்த்தேன். ஸ்டீபன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சத்தம் பீடத்தின் முன்னாலிருந்து வந்தது. முக்காட்டுக்குள் பிரிசி முனகிக்கொண்டிருந்தாள். மெட்டு இல்லை, சொல் இல்லை. தும், தும், தும் என்று கீழே நடந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதை வரி தவறாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த பாட்டு அதுதான். அந்தப் பாமாலை அவளுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் மேல் விஜயம்மாவின் குரல் கால் ஊன்றி நின்றது.

இரண்டாவது வரியில் தேவா மெல்லத் தாளம் கொடுத்தான். கிருபா எழுந்து தமிழ் முதல் சரணத்தை எடுத்தாள். எங்கள் பக்கமும் எழுந்தது. நானும் வாயைத் திறந்தேன். பாட்டு வரவில்லை. எனக்கும் தும், தும்தான் வந்தது. ஐந்தாவது சரணத்தை இரண்டு பக்கமும் சேர்ந்து முடித்தோம்.

5

சாப்பாட்டில் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். பிரியாணியில் கறி இருந்தது உண்மைதான். எலும்பில்லாத துண்டுகள் கூட உண்டு. இத்தனை வருடம் எங்கள் பங்கு யார் இலைக்குப் போனது என்பது அன்றுதான் விளங்கியது. விஜயம்மா வந்து, ஐந்தும் ஆயிற்று, இனி எனக்குக் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிப் பந்தி நடக்கும்போது தேவா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் இலையில் வெறும் சோறு.

"ஸ்டீபன திட்டாத," என்றான். "நாலா அஞ்சான்னு நான்தான் கேட்டிருக்கணும். உன் வீட்டுக் கல்யாணம்னதும் கேக்கல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

ஒரு வாய் தின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"உன் பொண்ணு நல்லாத்தான் புடிச்சிக்கினு போச்சிடா. ஆனா மூணாவது வரில பாத்தியா?"

"என்ன?"

"இறங்கிச்சிடா! நீ வுழற அதே பள்ளத்துல, அதே இடத்துல. முப்பது வருஷமா தொண்ட தண்ணி வத்தக் கத்தறேன். ஏறுடான்னா நீ கேக்கல. இப்ப பாரு, அது வேற இறங்கிக்கினு கீது."

நான் கவனித்திருக்கவில்லை. எனக்கு அது இறங்குவதுதான் பாட்டு. மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தாள்.

ஓராண்டு ஆகிவிட்டது. இன்று மாலை மண்டபத்தில் நிகழ்ச்சி. ஜோயலும் பிரிசியும் வருவதாகப் போன் வந்தது. காப்பீடு இருக்கிறது, அறிவிப்புக் கொடுத்தாயிற்று, வயர்களில் எல்லாம் பச்சை ஸ்டிக்கர். கொஞ்ச நேரம் முன்பு ஒத்திகையாக அந்தப் பாமாலையை வாசித்தேன். மூன்றாவது வரியில் வேண்டுமென்றே ஒரு முறை மேலே ஏறிப் பார்த்தேன். தேவா சொன்னது சரிதான், அப்படித்தான் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் அரசு அலுவலகத்தில் இருந்தவன். ஒரு விஷயம் பதிவேட்டில் ஏறிவிட்டால் அதைத் திருத்த முறைப்படி மனுப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மனுப் போடுவதாக இல்லை.